பகைவனின் சாசனம்

ஸ்ரீபெரும்புதூருக்கு அதிக தூரமில்லாத மணிமங்கலம் ஏரிக்கரையில் ஒரு நாள் மாலை நின்றேன். ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகும் லாரிகளின் இரைச்சலுக்கிடையே யானைப் படையின் பிளிறலைக் கேட்க முயன்றேன். பல்லவ நரசிம்மவர்மன் சளுக்கப் புலிகேசியை இந்த மணிமங்கலத்தில் முறியடித்ததாகக் கூரம் செப்பேடு சொல்கிறது. பிறகு, கி.பி. 642-ல், சளுக்கர் தலைநகரான வாதாபியும் வீழ்ந்தது.

கதாசிரியனுக்கு இது போதாதா? என் நாவலில் பல்லவர் கையில் உளியைக் கொடுத்தேன். சளுக்கர் கையில் தீவட்டியைக் கொடுத்தேன். வாசகர்களும் மகிழ்ந்தார்கள்.

அப்புறந்தான் காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன். அங்கே ஒரு தூணில் கன்னட சாசனம்! சுமார் நூறு வருஷம் கழித்துக் காஞ்சியைப் பிடித்த சளுக்க மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தனுடையது. கோயிலின் செல்வத்தைக் கண்டவன் அதைக் கொள்ளையிடவில்லையாம்; சுவாமிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டானாம். அவன் வெற்றியின் நினைவாக ராணி லோகமாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த கோயிலிலோ கைலாசநாதர் கோயிலின் சாயல் தெரிகிறது!

பரம்பரைப் பகை தீர்க்க வந்தவன் பகைவனின் கலையல்லவா கொண்டு போயிருக்கிறான்! நேயர்களே, நான் கொடுத்த தீவட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.