தெலுக் இந்தான் தோட்டங்களில் மகளிர் நோயும் மறைமொழியும்

1982இல் பெயர் மாற்றம் பெறும்வரை தெலுக் ஆன்சன் என வழங்கிய தெலுக் இந்தானைச் சூழ்ந்த தோட்டங்களில் தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்துள்ளனர். அவர்தம் உழைப்பைப் பற்றி ஓரளவு எழுதப்பட்டுள்ளது. கருப்பை, பிறப்புறுப்பு சார்ந்த அவர்தம் நோய்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

தோட்ட மருத்துவம் பெண்ணைப் பிள்ளை பெறுபவளாகவே கண்டது எனலாம். மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டக்கோவை மகப்பேற்றுப் படிக்கு வழிசெய்தது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்கீழ் நெடுங்காலம் 60 நாளாக இருந்த மகப்பேற்று விடுப்பு 2023இல்தான் 98 நாளாயிற்று. பேறு நிருவாகத்தின் கணக்கில் ஏறியது. வெள்ளைப்படுதலும் அரிப்பும் உடலுறவில் தோன்றும் வலியும் ஏறவில்லை.

இதற்குச் சட்டம் மட்டும் காரணமன்று. 1906இல் தொடங்கப்பட்ட ஜெண்டராத்தா போன்ற பெருந்தோட்டம் தனக்கென மருத்துவமனையே நடத்தியது; பிற தோட்டங்களில் முதலில் காணக்கூடியவர் டிரஸ்ஸர். அவர் பெரும்பாலும் ஆண். கிராணியைப் போல நிருவாகத்தின் ஆளும்கூட. அவர்முன் நிற்கும் பெண்ணுக்குக் கைகொடுத்தவை 'உடம்புச் சூடு', 'அடிவயிற்று வலி' என்னும் மறைமொழிகளே. வெள்ளைப்படுதலைச் சூட்டின் விளைவாகக் கருதும் தமிழ் மரபும் இதற்கு இடமளித்தது. சூட்டுக்கு மருந்து மோரும் வெந்தயமும். இயல்பான வெள்ளைப்படுதலுக்கு அதனால் தீங்கில்லை. துர்நாற்றமோ, உடலுறவுக்குப் பின்னும் மாதவிடாய் நின்றபின்னும் உதிரப்போக்கோ இருப்பின், மறைமொழி நோயையும் மறைத்துவிடும்.

1966இல் தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்னரே காட்டும் பேப் ஸ்மியர் சோதனை 1969இல் மலேசியாவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் வழியே அறிமுகமாயிற்று. இவ்வழியே நோக்கத்தக்கது. கருத்தடை மாத்திரைக்கு வந்த பெண்ணை அது எளிதில் எட்டியது. கைம்பெண்ணுக்கும் பிள்ளைப்பேற்றுப் பருவம் கடந்தவளுக்கும் அந்த மருந்தகத்தில் என்ன வேலை? அந்நோயோ நடுவயதிலும் அதற்குப் பின்னும் மிகுதியாக வெளிப்படுவது.

அந்நோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமிக்கெதிரான தடுப்பூசி 2010 முதல் 13 வயது மாணவியருக்குப் பள்ளியிலேயே போடப்பட்டது. 2018இல் மலாயாப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றுடன் இணைந்து தொடங்கிய ரோஸ் திட்டத்தில் மாதிரியைப் பெண்ணே தனிமையில் எடுத்துத் தருகிறாள். முடிவு கைப்பேசிக்கு வருகிறது. இங்கு யார் முன்னும் சொல் தேடி நிற்க வேண்டியதில்லை. ஆயினும் அச்சோதனை காட்டுவது ஒரு கிருமியை மட்டுமே. அரிப்பையும் வலியையும் மருத்துவரிடம் இன்றும் வாய்திறந்தே சொல்ல வேண்டும். அவற்றுக்கான சொற்களை நம் வகுப்பறைகள் இன்னும் 'சூடு' என்றே கடந்துவிடுகின்றன.