பார் பார்த்த பிறகே சலாபம்

தூத்துக்குடிக்கு எதிரே, மன்னார் வளைகுடாவின் அடியில் முத்துச் சிப்பி ஒட்டி வளரும் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். தொல்லாயிரம் பார் அவற்றில் ஒன்று. சிப்பிக்கு நான்கைந்து வயது ஆனால்தான் முத்து விலைபோகும். அதற்கு மேலும் விட்டுவைத்தால் சிப்பி செத்து, முத்தும் கடலோடு போய்விடும். அதனால் சலாபம் என்னும் முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன் பார் பார்ப்பது இந்தக் கரையின் வழக்கமாயிற்று. எந்தப் பாரில் எந்த ஆண்டு இளஞ்சிப்பி தென்பட்டது என்று முந்தைய குறிப்புகளைப் புரட்டுவார்கள். பிறகு குளியாளிகளைப் பல இடங்களில் இறக்கி மாதிரிச் சிப்பி எடுப்பார்கள். அதை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்கு வியாபாரிகளைக் கொண்டு விலைவைத்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன மதிப்பு என்று கணக்கு எழுதுவார்கள். கணக்கு ஒத்துவந்தால்தான் படகுகள் புறப்படும். பழைய பெட்ரோல் டேங்குகள் புதைந்திருந்த மனையில் மண் ஆய்வுக்குத் திட்டமிடுகிறவர், வெளிநாட்டுக் கையேட்டைத் திறக்கும் முன் இந்த ஒழுங்கைப் படிக்க வேண்டும் என்பேன்: முதலில் ஏடு, அடுத்து இடம், அதன் பிறகே மாதிரி.

ஏடு முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. 1876-இல் ரயிலும் 1974-இல் புதிய துறைமுகமும் வந்த ஊர் இது. லாரிக்கும் விசைப்படகுக்கும் எரிபொருள் விற்ற இடங்கள் காலந்தோறும் இடம் மாறியிருக்கும். எண்ணெய் நிறுவனங்களின் பெயர்களும் மாறின. 1974-இல் எஸ்ஸோ அரசுடைமையாகி இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது. 1976-இல் பர்மா ஷெல்லை அரசு ஏற்க, அது பின்னர் பாரத் பெட்ரோலியம் ஆனது. இன்றைய பெயரில் மட்டும் தேடினால் அன்றைய பங்க்கின் வரைபடம் அகப்படாது. வெடிபொருள் துறை உரிமத்தோடு இணைத்த அந்த வரைபடம்தான் டேங்க் எங்கே கிடந்தது, நிரப்பும் வாய் எங்கே இருந்தது, குழாய் எந்த வழியாகப் பம்புக்குப் போனது என்று சொல்லும். கசிவு பெரும்பாலும் குழாய் மூட்டுகளிலும் எண்ணெய் ஊற்றும் வாயிலும்தான் நடக்கிறது. டேங்கைத் தோண்டி எடுத்த குழியில் மட்டும் மண் அள்ளினால் அது கண்ணில் படாது.

மனை முழுக்கக் கட்டம் போட்டுத் துளையிட்டால் வரலாறு எதற்கு என்று கேட்கலாம். கடற்கரை மணலில் பெட்ரோல் விரைவாக இறங்கும். தண்ணீரைவிட இலேசானது என்பதால் நிலத்தடி நீரின் மேல் மிதந்து, நீர் ஓடும் பக்கமாக நீளும். அப்படி நீண்ட ஒடுக்கமான பட்டை, இரண்டு துளைகளுக்கு இடையே தப்பிப் போக இடமுண்டு. எண்ணெய் புறப்பட்ட இடம் தெரிந்தால் துளை குறைவாகவும் குறியாகவும் விழும். 2013-இல் சென்னைத் தண்டையார்பேட்டையில் வீட்டுப் போர்வெல் தண்ணீரிலேயே எண்ணெய் வந்தபோது, துறைமுகத்திலிருந்து கிடங்குக்குப் போகும் பழைய குழாய்த் தடத்தின் மீதுதான் கேள்வி எழுந்தது. குடிக்கவும் குளிக்கவும் நீர் எடுத்தவர்கள், யாரும் திட்டமிடாத ஆய்வுக்குத் தங்கள் வீட்டையே மாதிரியாகக் கொடுத்துவிட்டார்கள். அதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பும் இருக்கிறது. பார் பார்த்த கணக்கே பலமுறை பொய்த்திருக்கிறது. நிறைய இருந்த சிப்பி, சலாபத்துக்கு முன்பே காணாமல் போயிருக்கிறது. உண்மைதான். கடல் நீரோட்டமும் சிப்பி தின்னும் மீன்களும் பாரை வெறுமையாக்கிவிடும். ஒருமுறை பார்த்ததை வைத்து முடிவுசெய்யக் கூடாது என்பதைத்தான் அந்தத் தோல்விகள் காட்டுகின்றன. 1955 முதல் 1961 வரை நடந்ததற்குப் பிறகு இங்கே பெரிய சலாபமே இல்லை. இருந்தும் பார்களைப் பார்ப்பது நிற்கவில்லை. மண்ணுக்கும் இதே விதிதான். கோடையில் தாழ்ந்து கிடக்கும் நீர்மட்டம் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏறும்போது, மிதக்கும் எண்ணெயும் கூடவே ஏறி மண்ணில் அப்பிக்கொள்ளும். நீர் இறங்கினாலும் அது அங்கேயே தங்கும். ஆனி மாதத்தில் எடுத்த சுத்தமான மாதிரி ஒன்றை வைத்து மனைக்குச் சான்று கொடுக்க முடியாது. எடுத்த தேதியையும் அன்றைய நீர்மட்ட ஆழத்தையும் எழுதிவைத்து, தை மாதத்தில் அதே இடங்களில் மறுபடியும் துளை போட வேண்டும்.