ஆதி நாகப்பன் ஆணையம்

மேற்கு மலேசியாவின் ஊராட்சி மன்றங்கள் இயங்கும் விதத்தை ஆராய 1965இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம். மலேசிய இந்தியக் காங்கிரஸைச் (ம.இ.கா.) சேர்ந்த வழக்கறிஞர், செனட்டர் ஆதி நாகப்பன் இதன் தலைவர். ஜார்ஜ்டவுனின் முதல் மேயர் டி. எஸ். ராமநாதன் உறுப்பினர்களுள் ஒருவர்.

மலாயாவில் வாக்குச்சீட்டு நாடாளுமன்றத்துக்கு முன்பே நகரங்களுக்கு வந்துவிட்டது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைக் கழகத் தேர்தலில் 12 இடங்களில் 9ஐ மலாய்க்காரர் கட்சியான அம்னோவும் சீனர் கட்சியான ம.சீ.ச.வும் கைகோத்து வென்றன. 1954இல் ம.இ.கா.வும் சேர, அந்தக் கூட்டே விடுதலைக்குப் பின் நாட்டை ஆண்டது. நகரத் தேர்தலைச் சிறிய விஷயமாக எண்ண முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும். ஆனால் 1961இல் தலைநகரின் மன்றம் கலைக்கப்பட்டு நிர்வாகம் ஓர் ஆணையரிடம் போனது. 1965 மார்ச்சில், இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி, மற்ற ஊர்களின் தேர்தல்களும் நிறுத்தப்பட்டன.

ஆணையத்தின் முன் நின்ற கேள்வி பழையது: பெரிய அரசுக்குள் அடங்கிய நகரத்துக்கு எவ்வளவு தன்னாட்சி? அலெக்சாண்டருக்குப் பிந்திய கிரேக்கச் சிந்தனையும் இக்கேள்வியோடு மல்லுக்கட்டியது. அரசர்களுக்கும் பின்னர் உரோமுக்கும் கீழே வாழ்ந்த நகரங்கள் தம் பேரவைகளைக் கைவிடவில்லை. ‘தெமோக்ரதியா’ (மக்களாட்சி) என்ற சொல்லையும் விடவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கச் சொற்பொழிவாளர் ஏலியஸ் அரிஸ்டைடீஸ், ஒருவர் தலைமையில் நடக்கும் உரோமைப் பேரரசையே மக்களாட்சி என்று புகழ்ந்தார். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் நேர்மையானவர்: தலைக்கு மேல் உரோமரின் காலணி இருப்பதை மறவாதே என ஊர் அரசியலில் இறங்கும் இளைஞனை எச்சரித்தார், ஆயினும் ஊர்ப்பணியை இழிவாக எண்ணவில்லை.

ஆணையம் 1968இல் அறிக்கையை முடித்தது. அது 1971இல்தான் வெளியானது. மன்றங்களின் குறைகளை அது மறைக்கவில்லை. எனினும், குறையுள்ளதானாலும் மக்கள் தேர்ந்த மன்றமே, பிரதிநிதிகள் இல்லாத நிர்வாகத்தைவிட மேலானது என்பது அதன் முடிவு. இன்றும் படிக்கத்தக்க பகுதி அதுவே. அரசு அப்பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தேர்தலுக்கு இடமில்லாமல் செய்தது.

இன்று கிள்ளானில் மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. கோலாலம்பூர் 1974இல் கூட்டரசுப் பிரதேசமானதால் அங்கே சட்டமன்றத் தேர்தலும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்காரரின் உரிமம், வடிகால், வீட்டு வரி ஆகியவை நியமிக்கப்பட்ட டத்தோ பண்டாரின் (மாநகர மேயரின்) கையில். அந்தக் கடைக்காரருக்குக் கிடைக்கும் வாக்கு நாடாளுமன்றத்துக்கு மட்டுமே.