துணியைக் கிழிப்பது மெஷினா?

"மெஷின்ல போட்டா துணி சீக்கிரம் நைஞ்சு போயிடுதுங்க." அகமதாபாத்தில் நான்கு தமிழ்க் குடும்பம் கூடினால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். ஊரிலிருந்து ஆசையாய்க் கொண்டுவந்த சுங்குடிப் புடவை போனால் இங்கே எந்தக் கடையில் போய்த் தேடுவது? நியாயமான ஆதங்கம்தான். ஆனால் குற்றவாளி மெஷின் மட்டும்தானா? பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

நம் ஊர் வெள்ளாவி நினைவிருக்கிறதா? உவர்மண் கரைத்த தண்ணீரில் துணியை முக்கி, பானைமேல் அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவியில் வேகவைத்து, விடிந்ததும் ஆற்றங்கரைக் கல்லில் அடித்துத் துவைப்பார்கள். உவர்மண்ணில் இருக்கும் காரமும் சலவை சோடாவும் ஒன்றுதான், சோடியம் கார்பனேட். வேட்டி பளிச்சென்று வரும், சில சமயம் கிழிந்தும் வரும். அந்தச் சூட்டையும் கல்லையும் தாங்கியது சலவைத் தொழிலாளியின் கையும் இடுப்பும். கிழிந்த வேட்டிக்குத் திட்டு விழுந்ததும் அவருக்குத்தான்.

1907-இல் ஜெர்மனியின் ஹென்கெல் கம்பெனி, வெளுக்கும் மருந்தைத் தூளிலேயே கலந்து பெர்சில் என்று விற்றது. தேய்க்கும் வேலை குறைந்தது. 1937-இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் கம்பெனி தானாகவே துவைத்து, அலசி, பிழியும் மெஷினைக் காட்டியது. 1959-இல் இந்தியாவுக்கு சர்ஃப் வந்தது. 1969-இல் இதே அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் மலிவு விலையில் நிர்மாவைக் கொண்டுவந்தார். சோடா தூக்கலான தூள். நடுத்தரக் குடும்பங்கள் கொத்திக்கொண்டு போயின.

ஹென்கெலில் வேலை பார்த்த வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் இதற்கெல்லாம் ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தார். அழுக்கை எடுப்பவை நான்கு: ரசாயனம், உராய்வு, சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டியாக வேண்டும். எங்கள் பாங்க் பாஷையில் சொன்னால் பற்றும் வரவும் சரியாக வேண்டும். துணியை நைக்கிறதும் இதே நான்குதான். வெள்ளாவியில் நான்குமே உச்சத்தில் இருந்தன.

இதைப் புரிந்துகொண்டால் மெஷினிடம் எப்படி வேலை வாங்குவது என்பது தெரிந்துவிடும்.

உராய்வு: மேலே மூடி உள்ள மெஷின் துணியோடு துணியை உரசவிடும், முறுக்கவும் செய்யும். முன்பக்கக் கதவு மெஷினில் துணி உருண்டு விழுகிறது, உரசல் குறைவு, நேரம் அதிகம். எதுவானாலும் திணிக்காதீர்கள். ஜிப்பை மூடி, சட்டையை உள்பக்கம் திருப்பிப் போடுங்கள். சுங்குடியை வலைப்பையில் போட்டு, மென்துணிக்கான சுற்றில், குறைந்த ஸ்பின்னில் விடுங்கள். பட்டு மெஷினுக்கே வேண்டாம். வடிகட்டிப் பையில் சேரும் பஞ்சு வேறெதுவும் இல்லை, உங்கள் துணிதான்!

ரசாயனம்: உப்புத்தண்ணீரில் நுரை வராது. உடனே இன்னும் இரண்டு கரண்டி தூளைக் கொட்டத் தோன்றும். மிச்சத் தூளும் தண்ணீரின் சுண்ணாம்பும் இழையில் தங்கித் துணியை விறைக்கவைக்கும். தூளை அளந்து போட்டு, ஒரு அலசல் கூடுதலாக வையுங்கள்.

சூடு: சாயத்துணிக்குப் பச்சைத் தண்ணீரே போதும்.

மிச்சம் இருப்பது நேரம். கறையுள்ள துணியை அரைமணி ஊறவையுங்கள். நான்கில் துணிக்கு அதிகம் வலிக்காதது அதுதான்.