பர்மாத் தேக்கும் காரைக்குடிக் கடைவீதியும்

தென்னிந்தியாவில் பழம்பொருள் வாங்க விரும்புகிறவர்களுக்கு வழக்கமாக இரண்டு இடங்களைச் சொல்லுவார்கள். ஒன்று கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள யூதர் தெரு. மற்றொன்று நமக்கு அருகிலேயே இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. இத்தெருவில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: நிலைக்கதவுகள், தேக்குத் தூண்கள், சாய்வு நாற்காலிகள், ஊஞ்சல் பலகைகள், பித்தளைப் பூண் போட்ட பெட்டகங்கள், பீங்கான் பூச்சுப் பூசிய தூக்குவாளிகள், இரவிவர்மா அச்சுப் படங்கள் என்று ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறைச் சொத்து முழுவதும் விலைச்சீட்டோடு நிற்கும். இவை எங்கிருந்து வந்தன, ஏன் வந்தன, இங்கிருந்து எங்கே போகின்றன என்று கேட்டுக்கொண்டே போனால் நம் பகுதியின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு கையில் கிடைத்துவிடும். இந்த யூபிலி ஆண்டில் நம் ஆலயத்து மரச்சாமான்களைப் பற்றி எழுந்த கேள்வியும் அந்த வரலாற்றோடு சேர்ந்ததே. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

முதலில் மரம் வந்த கதை. 1852-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தனர். 1869-இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதன்பின் ஐராவதி ஆற்றுப் படுகையின் அரிசி உலகச் சந்தைக்குப் பெருவாரியாகப் போகத் தொடங்கிற்று. காடு வெட்டி வயலாக்கும் பர்மிய உழவனுக்குக் கடன் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. அந்த இடத்தை நிரப்பியவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். 1929-30-இல் பர்மாவின் வங்கித் தொழிலை ஆராய்ந்த அரசுக் குழு, அங்கே ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருப்பதாகவும், அவற்றில் புரளும் முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அந்நாளைய ரூபாய் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் செல்வத்தில் ஒரு பகுதி இங்கே வீடாக எழுந்தது. இரங்கூனிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் தேக்கு கப்பலேறி வந்தது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் அவை. இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியக் கண்ணாடியும் வந்தன. ஆங்கிலேயர் வீட்டு மேசை நாற்காலிகளைக் கடல் கடந்த ஊர்களில் பார்த்துவிட்டு வந்தவர்கள் அதே மாதிரியில் தமக்கும் செய்யச் சொன்னார்கள். நம் ஊர் ஆசாரிகள் செய்தார்கள். நாற்காலியின் உருவம் ஆங்கிலம், முதுகில் செதுக்கிய அன்னமும் கொடியும் தமிழ். ஆங்கிலேயத் தோட்டத்துரை கால் நீட்டிப் படுப்பதற்கென்று கை நீளமாக வைத்துச் செய்த சாய்வு நாற்காலி, இங்கே திண்ணையில் பெரியவர் கணக்குப் பார்க்கும் ஆசனமாயிற்று.

பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த சாமான்களும் சேர்ந்தன. வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டவை. சீர்ச்சாமான் அந்த அறைக்குள் போய்ப் பூட்டப்பட்டது. பல வீடுகளில் வெளியே வரவே இல்லை. இன்று கடைத்தெருவில் தொண்ணூறு ஆண்டுப் பழைய தூக்குவாளி நேற்று வாங்கியது போலப் பளபளப்பதைக் கண்டு போலி என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. உபயோகிக்காமலே வைத்திருந்தால் எந்தப் பாத்திரமும் அப்படித்தான் இருக்கும்.

இனி அது வெளியேறிய கதை. 1930-ஐ ஒட்டி உலகமெங்கும் பொருளாதார வீழ்ச்சி. அரிசி விலை விழுந்தது. உழவன் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவனிடம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937-க்குள் அது நூற்றுக்கு இருபத்தைந்து ஆயிற்று. கேட்பதற்கு இலாபம் போல் இருந்தாலும், உண்மையில் இது முடக்கம்: வட்டி வரவேண்டிய பணம் விற்க முடியாத மண்ணாக நின்றுவிட்டது. நிலமிழந்த பர்மியருடைய மனக்கசப்பும் அத்தோடு வளர்ந்தது. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் நாம் மறந்துவிடக் கூடாது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் இரங்கூனைப் பிடித்தபோது இலட்சக்கணக்கான இந்தியர் கடலிலும் காட்டுவழியிலும் தப்பி வந்தனர். 1948-இல் பர்மா விடுதலை பெற்று அதே ஆண்டில் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றியது. 1962-இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் நே வின் அரசு அடுத்த இரண்டாண்டுகளில் வங்கிகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டது. கட்டிய துணியோடு கப்பலேறியவர்கள் பலர்.

வருமானம் நின்றது, வீடு நின்றது. ஒரு வீட்டுக்கு நான்கு மகன்கள் இருந்தால் நான்கு புள்ளி. அடுத்த தலைமுறையில் பன்னிரண்டு. அதற்கடுத்துக் கணக்கே இல்லை. ஓடு மாற்ற ஒருவர் சம்மதித்தால் மற்றொருவர் சென்னையில், இன்னொருவர் சிங்கப்பூரில். மழை மட்டும் யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்கவில்லை. கடைசியில் எல்லாருக்கும் ஒத்துவருவது ஒன்றுதான்: விற்றுப் பங்கிட்டுக்கொள்வது. வீட்டை மொத்தமாகப் பேசி வாங்கி, பிரித்து, தூண் வேறு, கதவு வேறு, கல் வேறு என்று விற்கும் தொழில் இப்படித்தான் வளர்ந்தது. இத்தொழில் செய்பவர்களைத் தூற்றுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அவர்கள் இல்லாவிட்டால் அந்தத் தேக்கில் பாதி அடுப்புக்குப் போயிருக்கும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டிலிருந்து ஒரு தூண் வெளியேறும்போது அதன் ஊர் பெயர், அதைச் செதுக்கியவன் பெயர், அது நின்ற இடம் ஆகியவை அதனோடு வெளியேறுவதில்லை. கடையில் அது வெறும் 'செட்டிநாட்டுத் தூண்'. ஓட்டல் வரவேற்பறைக்குப் போனபின் அதுவுமில்லை, வெறும் 'பழைய தூண்'.

சட்டம் இல்லாமல் இல்லை. 1972-இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத வேலைப்பாடுள்ள பொருள்களையும் கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருள்களையும் தொல்பொருள் என்கிறது. அவற்றில் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நல்ல முயற்சிகளும் நடந்துள்ளன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்றை மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

பழுது பார்க்கும் வேலைக்கு வருவோம். இதில் பொதுமக்கள் செய்யும் பெருந்தவறு 'புதுசு மாதிரி ஆக்கிக் கொடு' என்று கேட்பது. பழைய தேக்கின் மேற்பரப்பு ஒரு நாளில் வந்ததன்று. வெளிச்சமும் காற்றும் கைப்பட்ட எண்ணெயும் துடைத்த துணியும் சேர்ந்து, பல பத்தாண்டுகளில் அந்தத் தேன் நிறம் ஏறுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அரை மணி நேரத்தில் அது தரையில் தூளாகக் கிடக்கும். அறிந்த வியாபாரி அப்படித் தேய்த்த சாமானுக்குப் பாதி விலைகூடத் தரமாட்டான். கதவுகளைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கிப் பெயிண்டை உரிப்பதும் உண்டு. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் காரம் மூட்டுக்குள் இறங்கிப் பழைய வச்சிரத்தைக் கரைத்துவிடும். மரமும் கறுத்து நார் நாராய் எழும்பும்.

பழைய ஆசாரிகள் வச்சிரப் பசையையே நம்பினார்கள். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை அது. சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும் என்பதை அதன் குறையாகச் சொல்லுவார்கள். பழுது பார்ப்பவனுக்கு அதுதான் வரம். வெந்நீர்த் துணி சுற்றி வைத்து, சிறிது பொறுத்துத் தட்டினால் கழுந்து துளையிலிருந்து முழுதாக வெளியே வரும். சீர்செய்து மறுபடி ஒட்டலாம். இன்று கடையில் விற்கும் இரசாயனப் பசையால் ஒட்டிய மூட்டு அடுத்த முறை பிரியாது, உடையும். பின்னால் வருகிறவன் பிரித்துப் பார்க்கும்படி ஒட்டு என்பது இத்தொழிலின் முதற்பாடம்.

மேற்பூச்சும் அப்படித்தான். பழைய மெருகு பெரும்பாலும் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்தது. பஞ்சைத் துணியில் முடிந்து, அதில் தோய்த்து, தேய்த்துத் தேய்த்து, மெல்லிய பூச்சுகளாகப் பல நாள் ஏற்றுவார்கள். சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளையாய் வட்டம் விழும். ஆனால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியும், முழு மேசையையும் உரிக்க வேண்டியதில்லை. சாமானில் இருப்பது அரக்கு மெருகுதானா என்று அறிய, கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பார்க்கலாம். பிசுபிசுத்தால் அரக்கு.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வீட்டுத் தேக்கிலேயே புதிய மேசை செய்து, பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் பூசிக் கறுப்பாக்கி, நூறாண்டுச் சாமான் என்று விற்பவர்கள் உண்டு. முகப்பைப் பார்க்காமல் அடியைப் பார்க்க வேண்டும். இழுப்பறையை வெளியே எடுத்துத் திருப்புங்கள். உண்மையில் பழையது என்றால் இழுப்பறை ஓடிய கீழ்விளிம்பு தேய்ந்திருக்கும். நாற்காலியில் கால் வைக்கும் முன்சட்டம் தேய்ந்திருக்கும். யாரும் தொடாத பின்சட்டமும் அதேபோலத் தேய்ந்திருந்தால் தேய்த்தவன் உப்புத்தாள்காரன். வட்ட மேசையை நூல் பிடித்து அளந்தால், மரம் நார்க்குக் குறுக்கே சுருங்குமாதலால், பழைய பலகை துல்லியமான வட்டமாக இராது. பலகையின் அடியில் வளைவு வளைவாக அறுப்புக்கோடு தெரிந்தால் அது இயந்திர வட்டவாள் அறுத்தது. ஆள்கள் இழுத்த வாளின் கோடு நேராகவும் ஒழுங்கற்றும் இருக்கும். ஒரு சாமானின் மேற்பாகத்தையும் மற்றொன்றின் கீழ்ப்பாகத்தையும் சேர்த்து ஒன்றாக விற்பதும் வழக்கம். இங்கிலாந்து வியாபாரிகள் இதற்கு 'திருமணம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஓலை வாசிக்காமல் நடக்கும் திருமணம்!

இப்போது நம் ஆலயத்துக்கு வருகிறேன். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பல ஆலயங்களில் பிரசங்கத் தொட்டி, நற்கருணைக் கிராதி, பழைய மரப்பீடம் ஆகியவை அகற்றப்பட்டன. சங்கமே அப்படிச் சொல்லிற்று என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். 1963-இல் வெளிவந்த திருவழிபாட்டு ஏட்டின் 126-ஆம் பகுதி, மதிப்புள்ள திருப்பொருள்கள் கைமாறிச் சிதறிப்போகாமல் ஆயர்கள் கவனிக்க வேண்டும் என்றே கட்டளையிடுகிறது. ஆயினும் உலகெங்கும் பொருள்கள் கடைக்குப் போயின. எனவே குருக்களுக்கான பேராயம் 1971 ஏப்ரலில் எல்லா ஆயர் பேரவைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பி, ஆலயப் பொருள்களுக்கு இரண்டு பிரதிகளாகப் பட்டியல் எழுதி, ஒன்றை ஆலயத்திலும் மற்றொன்றை மறைமாவட்ட அலுவலகத்திலும் வைக்கும்படி பணித்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1292-ஆம் விதிப்படி, கலையாலோ வரலாற்றாலோ விலைமதிப்புள்ள பொருளை விற்கத் திருப்பீடத்தின் அனுமதி வேண்டும். பங்குக் குருவுக்கோ பங்குப் பேரவைக்கோ அந்த அதிகாரம் இல்லை.

நம் சக்கிறீஸ்தில் நிற்கும் அலமாரியை உங்களில் பலர் பார்த்திருக்கமாட்டீர்கள். பூசை உடுப்புகளை மடிக்காமல் கிடத்தி வைப்பதற்கென்று அகலமாகவும் ஆழமில்லாமலும் செய்த இழுப்பறைகள் கொண்டது, தேக்கு. யாரோ ஒரு காலத்தில் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு வியாபாரி வந்து பார்த்து, நல்ல விலையும் கொடுத்து, அதற்கு மேல் ஒரு இரும்பு பீரோவும் தருவதாகச் சொன்னார். யூபிலிச் செலவை நினைத்துப் பேரவையில் சிலர் கொடுத்துவிடலாம் என்றார்கள். அவர்கள் எண்ணம் நல்லதே. கோபுரத்துக்கு வெள்ளையடிக்கப் பணம் வேண்டியிருந்தது. முறையான ஆலோசனைக்குப் பின், விற்பதில்லை, பழுது பார்ப்பது என்று முடிவாயிற்று.

வேலைக்கு வந்த ஆசாரி முதல் நாள் உளியையே எடுக்கவில்லை. இழுப்பறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெயிலில் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாமி, பெயிண்டைச் சுரண்ட வேண்டாம், மெதுவா இளக்கி எடுத்தா அடியில மெருகு அப்படியே இருக்கும்" என்றார். இருந்தது. ஒரு பின்காலில் மட்டும் வைரம் பாயாத வெளிர்மரம் சேர்ந்திருந்தபடியால் அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. காலை முழுதாக மாற்ற வேண்டாம் என்று, தின்ற பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதே வயதுடைய தேக்குத் துண்டு ஒன்றை இணைத்தார். இணைப்பு தெரிகிறது. தெரியட்டும் என்றே விட்டிருக்கிறோம்.

அலமாரியின் அளவு, மரம், நிழற்படம், செய்த வேலை, செலவு எல்லாம் ஆலயப் பொருள் பட்டியலின் முதற்பக்கத்தில் எழுதப்பட்டுள்ளன. ஒரு பிரதி மறைமாவட்ட அலுவலகத்துக்குப் போயிற்று. காலில் சேர்த்த துண்டையும் குறித்திருக்கிறோம். அது காரைக்குடியில் வாங்கியது. எந்த ஊர் வீட்டு மரம் என்று கடைக்காரரைக் கேட்டோம். ஒரு நிலைக்கதவின் சட்டம் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.