தலைதாழ்ந்த கட்டிலும் நனைக்காத நீரும்

1971இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது ஜேம்ஸ் இர்வினின் இதயம் தாளம் தவறித் துடித்ததை ஹூஸ்டன் மருத்துவர்கள் ஈ.சி.ஜி.யில் கண்டார்கள். 1987இல் மீர் நிலையத்திலிருந்து அலெக்சாண்டர் லவெய்கின் இதே வகைக் கவலையால் முன்கூட்டியே திரும்ப நேர்ந்தது. குற்றம் எடையின்மையுடையதா, களைப்பு, பொட்டாசியக் குறைவு போன்றவற்றுடையதா? விண்கலத்தில் பிரித்தறிவது கடினம். அதனால்தான் தரையிலேயே எடையின்மையைப் போலச் செய்து பார்க்கிறார்கள்.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில், தலைப்பக்கம் 6 பாகை தாழ்ந்த கட்டிலில் வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். உணவும் குளியலும்கூடப் படுத்தபடியே. மற்றது மாஸ்கோவில் வளர்ந்த உலர் அமிழ்வு: வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில், உடல் நனையாதபடி நீர்புகாத் துணியில் பொதிந்து கழுத்துவரை மிதக்கவிடுவது.

இரண்டிலும் கால்களிலிருந்து இரத்தம் மார்புக்கு ஏறுகிறது. உடல் அதை மிகை நீரென்று கருதிச் சிறுநீராகக் கழிக்க, இரத்தத்தின் அளவு குறைகிறது. தொட்டியில் இது சில மணி நேரத்திலேயே நடந்துவிடும். நீர் எல்லாப் பக்கமும் அழுத்துவதோடு, முதுகுக்கும் பாதத்துக்கும் கிடைத்துவந்த தாங்குதலும் போய்விடுகிறது. கட்டிலில் அந்தத் தாங்குதல் முதுகில் மிஞ்சுகிறது. ஆகவே நரம்பாட்சியில் உடனடியாக என்ன மாறுகிறது என்று அறியத் தொட்டியையே நான் நம்புவேன்.

நாள்பட்ட மாற்றங்களுக்குக் கட்டில்தான் சரி. ஆறு வாரப் படுக்கையில் இடது கீழறையின் தசை சுமார் 8 விழுக்காடு குறைந்ததை 2001இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இரண்டு வாரமளவு படுத்திருந்த ஆரோக்கியமான ஆண்கள் சிலரிடம், உடற்பயிற்சியின்போது ஈ.சி.ஜி.யில் கீழறைகளின் மின்கிளர்ச்சி அடங்குவதைக் காட்டும் டி அலையின் உயரம் துடிப்புக்குத் துடிப்பு மாறி மாறி வந்தது. மைக்ரோவோல்ட் அளவிலான இந்த ஊசலாட்டம், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களிடம் ஆபத்தான தாளக்கேட்டின் முன்னறிகுறி. நலமாக இருப்பவரிடமும் தோன்றுகிறதென்றால், கீழறைச் செல்கள் மின்கிளர்ச்சி அடங்கி அடுத்த துடிப்புக்குத் தயாராகும் கட்டம் நிலைகுலைகிறதோ என்று ஐயுறத்தான் வேண்டும்.

ஆனால் இரண்டு முறைகளுக்கும் பொதுவான ஓர் இக்கட்டு உண்டு. மின்முனைகள் அளப்பது தோலில். இதயத்துக்கும் தோலுக்கும் இடையே திரவம் இடம்மாறினாலோ, மார்புக்குள் இதயம் சற்றுத் திரும்பினாலோ, இதயச் செல்களில் எந்த மாற்றமும் இல்லாமலே அலைகள் தாழும், சாயும். அலை உயரம் குறைந்ததை வைத்து மட்டும் இதயம் பலவீனப்பட்டதாகச் சொல்லும் முடிவுகளை நான் ஏற்கத் தயங்குகிறேன். துடிப்புக்குத் துடிப்பு மாறும் அலையும், க்யூ.டி. இடைவெளி (கீழறைகளின் மின்கிளர்ச்சி தொடங்கி அடங்கும்வரையான நேரம்) போன்ற நேர அளவுகளும் இந்த மயக்கத்துக்கு அவ்வளவாக ஆளாவதில்லை.

இன்னொரு குறை என்னை அதிகம் உறுத்துகிறது. பல பத்தாண்டுகளாக இரண்டிலும் பெரும்பாலும் ஆண்களே படுத்தார்கள், மிதந்தார்கள். பெண்களின் க்யூ.டி. இடைவெளியோ இயல்பிலேயே நீளமானது. பெண்களை மட்டுமே கொண்டு ஐரோப்பிய விண்வெளி முகமை துலூஸில் ஐந்து நாள் உலர் அமிழ்வை நடத்தியது 2021இல்தான். அதே அக்கறையோடு பெண்களுக்கான நீண்ட படுக்கை ஆய்வுகளும் பெருகாதவரை, செவ்வாய்ப் பயணத்துக்கு ஆண்களின் சராசரியை வைத்துப் பெண்களுக்கும் பாதுகாப்பு வரம்பு வகுப்பது நியாயமாகாது.