இளைஞர் உடையும் சமூக அதிகாரமும்

மக்கள் வரலாற்றை அரசர் பட்டியலிலும் போர்க்கள விவரங்களிலும் தேடுவோர், அம்மக்கள் உடுத்த உடையைப் பெரும்பாலும் நோக்குவதில்லை. உடையோவெனின், ஒருவன் தன்னை எவ்வாறு எண்ணினான் என்பதையும், பிறர் அவனை எவ்வாறு வாழவிட்டனர் என்பதையும் ஒருங்கே காட்டும் சான்றாகும். இளைஞர் கோலம் மாறுந்தோறும் முதியோர் முகஞ்சுளித்தல் எந்நாட்டுக்கும் பொதுவான வழக்கம். அம்மாற்றத்தை யார் விதித்தனர், யார் விரும்பி ஏற்றனர், யார் தடுத்தனர் என வினவுவோமாயின், வட இலங்கைத் தமிழரின் அண்மைக்கால வரலாறு தெளிவாக விளங்கும்.

அரசு விதித்த மாற்றத்துக்கு யப்பான் தக்க உதாரணமாகும். 1871ஆம் ஆண்டில் மெய்சி அரசு, ஆடவர் உச்சிக் குடுமியைக் களைதற்கும் வாளின்றி நடமாடுதற்கும் இசைவளித்தது. 1873இல் பேரரசரே தம் முடியைக் கத்தரித்துக்கொண்டார். 1876இல் வாளணிதல் தடைசெய்யப்பட்டது. 1886இல் தோக்கியோப் பல்கலைக்கழக மாணவருக்கு நிமிர்ந்த கழுத்துப்பட்டியுடைய கருஞ்சட்டை சீருடையாயிற்று. 1920களில் 'மோபோ' என்றழைக்கப்பட்ட நவீன வாலிபர் நகர வீதிகளில் மேனாட்டுக் கோலத்துடன் உலாவினர். 1940இல் போர்க்கால அரசு ஆடவர்க்கெனத் தேசிய உடையொன்றை வகுத்தது. 1964இல் ஒலிம்பிக் விழாவுக்குச் சற்று முன்னர், கின்சாப் பகுதியின் மியூகி வீதியில் அமெரிக்கக் கல்லூரி மாணவர் பாணியில் உடுத்துக் கூடிய வாலிபரைப் பொலிசார் பிடித்து அகற்றினர். ஒரு காலத்தில் மேனாட்டு உடையை முன்னின்று புகுத்திய நாட்டில், இளைஞர் அதனைத் தம் விருப்பப்படி உடுத்தபோது அது குற்றமாகத் தோன்றியது. ஆகவே ஆட்சியாளரை உறுத்தியது உடையன்று. அதனைத் தெரிந்தெடுக்கும் உரிமையே என்பது பெறப்படும்.

வட இலங்கையில் இத்தகைய அரசகட்டளை எதுவும் பிறக்கவில்லை. 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியும், அதன்பின் பெருகிய ஆங்கிலக் கல்வியும், அரசாங்க உத்தியோகமும் மாற்றத்தை மெல்லக் கொணர்ந்தன. வேட்டியின்மேற் கோட்டும் தலைப்பாகையும் அணிந்த உத்தியோகத்தர் தோன்றினர். பின்னர் நீளக் காற்சட்டை வந்தது. குடுமி நீங்கிக் கிராப்பு நிலைத்தது. இப்போக்குக்கு எதிர்ப்பும் எழுந்தது. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1905இல் இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தை நிறுவி, ஐரோப்பியப் பழக்கங்களை ஆராயாது பின்பற்றுதலைக் கண்டித்தார். 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்றது. ஹன்டி பேரின்பநாயகம் முதலாய அதன் முன்னோடிகள் ஆங்கிலங் கற்றிருந்தும் தேசிய உடையை விரும்பி ஏற்றனர். 1927இல் அவர்தம் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் கதருக்கு நிதி திரட்டினார். இது கட்டளையால் வந்த மாற்றமன்று. இளைஞர் தாமே தேர்ந்த மாற்றம்.

எனினும் வேட்டியும் சால்வையும் தமிழர் அனைவர்க்கும் பொதுவான மரபென்று கூறுதல் முழு உண்மையாகாது. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் தோளிற் சால்வை இடுதலையும், முழங்காலுக்குக் கீழே வேட்டி உடுத்தலையும், பெண்கள் மேலாடை அணிதலையும் சாதித்திமிர் நெடுங்காலம் தடுத்துவந்தது. உயர்ந்தோர் எதிர்ப்படுங்கால் தோளிலிருந்த துண்டு இடுப்புக்கோ கக்கத்துக்கோ இறங்கவேண்டும். ஒருவன் பெருமையுடன் போர்த்த சால்வையே மற்றொருவனுக்கு விலக்கப்பட்ட பொருளாயிற்று. பாடசாலைகளிற் சமஆசனம் வேண்டி 1920களின் இறுதியில் எழுந்த போராட்டமும், 1957இல் நிறைவேறிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும் இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கவை. மரபு அழிகின்றதெனக் கவலுறுவோர், அம்மரபு யாருக்கு மறுக்கப்பட்டதென்பதையும் நினைவுகூர்தல் வேண்டும்.

வன்னி நிலத்தின் அனுபவம் இவ்வாராய்ச்சிக்கு மேலும் துணைசெய்கின்றது. இரணைமடுக் குளத்து நீரால் விளையும் வயல்களில் உழவன் மடித்துக் கட்டும் சாரம், பெயராலேயே மலாய் நாட்டுத் தொடர்பைக் காட்டுவது. இரவலாக வந்த அவ்வுடை உழைப்போடு இயைந்தமையால் எமதாயிற்று. 1960களின் பிற்பகுதியில் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் படித்த வாலிபர் குடியேற்றங்கள் அமைந்தன. எழுதுவினைஞர் வேலையையும் அதற்குரிய காற்சட்டையையும் கனவுகண்ட தலைமுறையிற் சிலர், மண்வெட்டி ஏந்தி மிளகாயும் வெங்காயமும் விளைவித்தனர். 1993இல் அரசு மாணவர்க்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்கத் தொடங்கியது. வறியவன் பிள்ளையும் வசதியுள்ளவன் பிள்ளையும் ஒரே வெண்ணிறத்தில் ஒரு வாங்கில் அமர அது துணைநின்றது. 2009இல் போரின் இறுதியில் அனைத்தும் இழந்து செட்டிகுளம் முகாம்களை அடைந்த மக்கள், கிடைத்ததை உடுத்து மானங்காத்தனர். தெரிவு என்பதே இல்லாத நிலை எத்தகையதென வன்னி மக்கள் நன்கறிவர்.

இன்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இளைஞர் டெனிம் காற்சட்டை அணிவதையும், புதுவகையாக முடி வெட்டுவதையும் ஒழுக்கக்கேடெனத் தூற்றுவோர் உளர். குடுமியைக் களைந்த பாட்டனாரும் அந்நாளில் இவ்வாறே தூற்றப்பட்டிருப்பார். அதேவேளை இளைஞரும் தம்மைத் தாமே வினவுதல் நன்று. திரைப்படமும் விளம்பரமும் விதித்ததை அவ்வாறே ஏற்பின், அதுவும் கட்டளைக்குக் கீழ்ப்படிதலேயாம். உடுப்பவன் அறிவோடு தெரிந்தெடுத்ததாயும், பிறனொருவனின் உரிமையைப் பறிக்காததாயும் அமையும் உடை எதுவாயினும், அதுவே மதிப்புடைய உடையாகும்.